உள்ளேதான் இருந்தேன், ஆனாலும் ஆப்சென்ட்!

கேள்வி: கல்லூரியின் ஆன்லைன் வகுப்பு எதையும் நான் தவறவிடுவதில்லை. நெட் அடிக்கடி அறுந்துபோகும். உடனே மறுபடி நுழைந்துவிடுவேன். ஆனாலும் பல நாட்களுக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. போதாக்குறைக்கு, ‘வகுப்பில் பங்கேற்பே இல்லை’ என்று அதற்கான மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார் பேராசிரியர். எனக்குக் கூச்சம் அதிகம். மைக்கை ஆன் செய்தாலே பேச்சு வராது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்வதை நம்புகிறேன். உங்கள் பேராசிரியரும் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். இருவருக்கும் நடுவில் ஒரு ரிப்போர்ட் இருக்கிறது, அதுதான் அரைகுறை.

ஜூம், டீம்ஸ் போன்றவற்றில் வகுப்பு முடிந்ததும் ஆசிரியருக்கு ஒரு பட்டியல் கிடைக்கும். பெயர், நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், இருந்த நிமிடங்கள், அவ்வளவுதான். 9 மணிக்குத் தொடங்கி 9.50க்கு முடியும் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஒரு வரி: 9.03 முதல் 9.21 வரை, 18 நிமிடம். அங்கே நெட் போகிறது. பதற்றத்தில் போனை எடுத்து, லாகின் செய்யாமல் லிங்க்கை மட்டும் தட்டி 9.24க்கு உள்ளே வருகிறீர்கள். இந்த முறை பட்டியலில் விழுவது உங்கள் பெயரல்ல, போனின் மாடல் பெயர்: 9.24 முதல் 9.50 வரை, 26 நிமிடம். மொத்தம் 44 நிமிடம் இருந்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் ஏறியது 18. எண்பது பேர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், அந்தப் போன் யாருடையது என்று துப்பறியப் போவதில்லை. ஆசிரியராக நானும் துப்பறிந்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே லேப்டாப், போன் இரண்டிலும் கல்லூரி தந்த கணக்கிலேயே லாகின் செய்து வையுங்கள். வருகைப் பட்டியலில் இருப்பது போலவே பெயரும் பதிவெண்ணும் திரையில் தெரியட்டும்.

வெயிட்டிங் ரூம் இன்னொரு பொறி. அறுந்து மறுபடி வரும்போது அங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஆசிரியர் ஸ்லைடைப் பகிர்ந்து பேசிக்கொண்டிருப்பார், அனுமதி கேட்டு நீங்கள் நிற்பது அவர் கண்ணில் படாது. உள்ளே இருக்கும் தோழர் ஒருவரிடம் முன்பே சொல்லி வைத்தால், ‘இன்னார் வெளியே நிற்கிறார்’ என்று சாட்டில் ஒரு வரி போடுவார். நெட் திணறும் நாளில் உங்கள் கேமராவை அணைத்துவிடுங்கள். குரலுக்கு மட்டும் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், வீடியோ என்றால் 600ம் அதற்கு மேலும் தேவை என்பது ஜூம் தரும் கணக்கு.

பங்கேற்புதான் பெரிய விஷயம். வகுப்பில் இருப்பதே பங்கேற்பு என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் மாணவர் நிதியுதவிக்கான விதிகளில், ஆன்லைன் வகுப்பில் லாகின் செய்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் இருப்பது கல்வி ஈடுபாடாகாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். பணி ஒப்படைப்பது, தேர்வு எழுதுவது, பாடம் பற்றி விவாதிப்பது, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது போன்றவையே அங்கே ஈடுபாடு. பிற இடங்களில் விதி எப்படி இருந்தாலும், ஆசிரியர் மனதில் ஓடும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். மாணவர் வேறு விண்டோவுக்குப் போய்விட்டாரா என்று காட்டும் ஒரு வசதி ஜூமில் முன்பு இருந்தது. 2020 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். நீங்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்தாலும், ஒரு தடயம் விடாவிட்டால் ஆசிரியரின் திரையில் நீங்கள் வெறும் கறுப்புக் கட்டம்தான்.

அந்தத் தடயத்துக்குக் குரல் தேவையில்லை, சாட் போதும். ஆனால் ‘யெஸ் சார்’, ‘புரிந்தது மேடம்’ எல்லாம் என் கணக்கில் சேராது. பொருளியல் வகுப்பில் தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) நடக்கிறது என்றால், “உப்பு விலை இரண்டு மடங்கானாலும் வாங்கும் அளவு பெரிதாகக் குறையாதே, அப்படியானால் அதன் நெகிழ்ச்சி குறைவுதானே?” என்று ஒரு வரி எழுதுங்கள். இதை வகுப்பில் யோசித்துத் தட்டச்சு செய்வதற்குள் பாடம் நகர்ந்துவிடும். முந்தின நாள் பாடத்தைப் புரட்டும்போதே எழுதி வைத்துக்கொண்டு, முதல் பதினைந்து நிமிடத்துக்குள் ஒட்டிவிடுங்கள். நேரம் போகப் போகக் கூச்சம் கூடும், குறையாது.

தப்பாகிவிடுமோ என்று அஞ்சுகிறீர்களா? கேள்வி கேட்டுவிட்டுக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக் காத்திருக்கும் அந்தப் பத்து நொடி எங்களுக்கு எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது சாட்டில் தப்பான விடை வந்தால்கூடக் கும்பிடத் தோன்றும். அதை வைத்துத்தான் பாடத்தை மேலே நகர்த்துவோம்.

மூன்று நான்கு வாரம் இப்படி எழுதிய பிறகு, சாட்டில் போட்ட அதே வரியை மைக்கில் வாசித்துப் பாருங்கள். எழுதியதை வாசிப்பதற்கு அவ்வளவு தைரியம் வேண்டாம். வகுப்புக்கு வெளியே, பாடங்களையும் பணிகளையும் பகிரும் மூடுல் போன்ற தளத்தில் விவாதப் பகுதி இருந்தால் அது உங்களுக்கென்றே அமைந்த இடம். அங்கே எழுதுவது தேதி, நேரத்தோடு பதிவாகும். கேமரா கட்டாயம் என்றால் ஆன் செய்துவிட்டு, உங்கள் முகம் உங்களுக்கு மட்டும் தெரியாதபடி மறைத்துக்கொள்ளுங்கள். ஓயாமல் தன் முகத்தையே பார்ப்பதும் வீடியோ வகுப்புக் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார்.

விழுந்த ஆப்சென்டுக்கு உடனே ஒரு மெயில் போடுங்கள். நெட் கஷ்டத்தை விவரித்து ஒரு பக்கம் எழுத வேண்டாம். “ஐயா, இந்தத் தேதி வகுப்பில் 9.21க்கு இணைப்பு அறுந்தது. 9.24 முதல் இந்த மாடல் போனின் பெயரில் கடைசி வரை இருந்தேன். இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன்.” இப்படி ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு மூன்று வரி போதும். அன்று எடுத்த குறிப்பின் படத்தையும் இணைத்துவிடுங்கள். பருவத்தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போட்டால், அதே கோரிக்கையோடு வரிசையில் இன்னும் இருபது பேர் நிற்பார்கள்.