டெக் ஷீட் தளம் 2 மணி நேரம் தீ தாங்க எந்தக் கம்பி, எங்கே?

கேள்வி இது: கும்பகோணத்தில் ஸ்டீல் பிரேமில் மூன்று மாடி ஜவுளிக்கடை. தளம் டெக் ஷீட் (பள்ளமும் மேடுமாக மடித்த எஃகுத் தகடு) மேல் கான்கிரீட். "ஷீட்டே அடிக்கம்பி, மேலே மெஷ் (கம்பி வலை) போதும்" என்கிறார் காண்ட்ராக்டர். 2 மணி நேரம் தீ தாங்குமா?

சாதாரண நாளுக்கு அவர் சொல்வது சரி. தீயில் முதலில் போவது அந்த ஷீட்தான். ஐஎஸ்ஓ 834 தீ வளைவில் (சோதனை உலையின் சூடு நேரத்தோடு ஏறும் சர்வதேச அளவு) 30 நிமிடத்தில் 842 டிகிரி, 2 மணி நேரத்தில் 1049. எஃகு 800 டிகிரியைத் தொட்டால் மிஞ்சுவது 11 சதவீத பலம். கான்கிரீட்டின் ஈரம் ஆவியாகி ஷீட்டைப் பிரித்தும் விடும். எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்த கட்டடங்களுக்கான ஐரோப்பிய விதிநூல் யூரோகோடு 4, தீக்கென்று தனிக்கணக்கு இல்லாத தளத்துக்கு 30 நிமிடம்தான் தருகிறது. மெஷ் மட்டும் போட்டு 2 மணி நேரம் என்றால் உலைச் சோதனைச் சான்று வேண்டும்; அதே ஷீட், அதே மெஷ், அதே ஸ்பேனுக்கு (பீமுக்குப் பீம் இடைத்தூரம்). இல்லையென்றால் ஷீட்டே இல்லை என்று வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கம்பி போட்டுக் கணக்குப் பாருங்கள்.

முதலில் கனம். தளத்தின் மேல்பக்கம் சூடேறாமல் இருக்க 2 மணி நேரத்துக்குச் சராசரிக் கனம் 120 மி.மீ. தேவை. 52 மி.மீ. ஆழ ஷீட், 300 மி.மீ.க்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் அகலம் கீழே 110, மேலே 150 என்றால் மொத்தம் 150 மி.மீ. போட்டால்தான் அது வரும்.

இனி கம்பி. ஸ்பேன் 3 மீட்டர், தீ நேரத்துச் சுமை சதுர மீட்டருக்கு 7 கிலோ நியூட்டன் (தளத்தின் எடை முழுதும், கடைச் சுமை 4இல் 70 சதவீதம்) என்றால் தேவையான மொமென்ட் (தளம் தாங்க வேண்டிய வளைவு விசை) மீட்டர் அகலத்துக்கு சுமார் 7.9 கிலோ நியூட்டன் மீட்டர். பள்ளத்துக்கு ஒரு 10 மி.மீ. எஃப்இ 500 ரகக் கம்பியை, அதன் நடு அச்சு ஷீட்டின் அடியிலிருந்து 50 மி.மீ. உயரத்தில் வருமாறு வையுங்கள். 2 மணி நேரத்தில் அது ஏறக்குறைய 530 டிகிரி. மூன்றில் இரண்டு பங்கு பலம் மிஞ்சும். மொமென்ட் சுமார் 8.5. மேல் மெஷ்ஷை எண்ணாமலே தேறிவிடும்.

அதையே 12 மி.மீ. ஆக்கி, சைட்டில் கிடக்கும் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) மேல் வைத்தால்? அச்சு 26 மி.மீ.யில் நிற்கும், சூடு 730 டிகிரி, பலம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மொமென்ட் 4.5க்குள் அடங்கிவிடும். கம்பி பருத்தும், எஃபெக்டிவ் டெப்த் (தளத்தின் மேல்பக்கத்திலிருந்து கம்பி வரை ஆழம்) கூடியும் முந்தையதில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான். பள்ளத்துக்கு அடியிலும் இரு பக்கமும் சூடு ஏறுவதுதான் காரணம். இந்திய கான்கிரீட் விதிநூல் ஐஎஸ் 456 அட்டவணையில் 2 மணி நேரத்துக்கு, தொடர்ச்சியில்லாத சாதாரண ஸ்லாபுக்கு 35 மி.மீ. கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் கனம்) என்று பார்த்து அதையே இங்கே போடுகிறவர்கள் உண்டு. அது அடிப்பக்கம் மட்டும் சுடும் தட்டை ஸ்லாபுக்கு.

கெடுவது பெரும்பாலும் கான்கிரீட் போடும் அன்றைக்குத்தான். பம்ப் குழாயை இழுக்கும்போது கம்பி பள்ளத்தின் ஓரத்துக்கு ஒதுங்கும். மீட்டருக்கு ஒரு சேர் (கம்பியைத் தாங்கும் கம்பிக் கால்) வைத்து, குறுக்குக் கம்பியில் கட்டுங்கள். மெஷ் மிதிபட்டு ஷீட்டின் முகட்டில் படுத்துவிடும். மேலிருந்து 20, 25 மி.மீ. கவரில் நின்றால்தான் பீம் மேல் வரும் எதிர் மொமென்ட்டை (தளத்தின் மேல்பக்கத்தை இழுக்கும் வளைவை) தாங்கும். ஐப்பசி மழையில் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றாமல் போடாதீர்கள், அடிக்கான்கிரீட் நீர்த்துப்போகும். ஏசி டக்ட்டுக்குப் பிறகு ஓட்டை போடுகிறவர் பள்ளத்துக் கம்பியையும் சேர்த்தே அறுப்பார். ஓட்டைகளை முன்பே பெட்டி அடித்து விட்டு, அறுபட வேண்டிய கம்பியின் பரப்பை இரு பக்கத்துப் பள்ளங்களிலும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கம்பியால் இன்னொரு லாபம்: ஷீட் துருப்பிடித்தாலும் தளத்தில் தாங்க ஏதோ இருக்கும்.

தளம் 2 மணி நேரம் நின்றாலும் அடியில் இருக்கும் பீம் நிற்காது. அதற்குத் தனியாகத் தீக்காப்புப் பூச்சோ போர்டோ வேண்டும். ஷீட் பீமுக்குக் குறுக்கே ஓடுமிடத்தில் பீமின் தலைக்கு மேல் தெரியும் சரிவக வடிவ இடைவெளிகளையும் தீத்தடுப்புப் பொருளால் அடைக்கச் சொல்லி பில்லில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.