நரியிலிருந்து தொடங்கும் கதை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஐந்து வயது. யூ.கே.ஜி. படிக்கிறாள். பாட்டி வடை சுட்ட கதையை நான்கு படங்களாகக் கொடுத்து, வெட்டி வரிசையாக ஒட்டச் சொன்னார்கள். இவள் நரியை முதலில் ஒட்டி, பாட்டியைக் கடைசியில் தள்ளிவிட்டாள். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறியோடு தாள் வீட்டுக்கு வந்தது. வாயால் சொல்லச் சொன்னாலும் "நரி பாடச் சொல்லுச்சு" என்றுதான் தொடங்குகிறாள். தினமும் அதே படங்களை வைத்துப் பழக்குகிறேன், பலனில்லை. இது ஏதாவது குறையா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

முதலில் அந்தப் படங்களை எடுத்துப் பரணில் போடுங்கள். அந்தக் கதையில் சுவாரசியமான ஆள் நரிதான். பாட்டி, பாவம், வடை சுட்டதோடு சரி. தெருச் சண்டையை வந்து சொல்கிறவர்கள் யாராவது முதல் வார்த்தையிலிருந்தா தொடங்குகிறார்கள்? அடி விழுந்த இடத்திலிருந்துதான். "அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?" என்று கேட்டால் பெரியவர்களுக்குத் திரும்பிப் போகத் தெரியும். உங்கள் மகளுக்கு அது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஒட்டும் தாளில் வேறொரு சிக்கலும் உண்டு. இடமிருந்து வலமாக அடுக்குவது நாம் எழுதும் திசையால் வந்த பழக்கம். உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், அரபு மொழி பேசும் பிள்ளைகள் காலை, மதியம், இரவுச் சாப்பாட்டு நேரங்களை வலமிருந்து இடமாக அடுக்கும் போக்கு தெரிந்தது. எழுத்தே இப்போதுதான் பழகும் பிள்ளை எந்தப் பக்கத்திலிருந்து ஒட்டியது என்று பார்க்காமல் பெருக்கல் குறி போடுவது அவசரம்.

மொழிக்கு வருகிறேன். "சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவு" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "கை கழுவிட்டுச் சாப்பிடு." முதல் வாக்கியத்தில் பின்னால் நடப்பது முன்னால் வருகிறது. இரண்டாவதில் நடக்கும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்று. மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1971இல் ஆங்கிலம் பேசும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சொல்லி, பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டச் சொன்னார். சின்னவர்கள் பலர் காதில் முதலில் விழுந்ததையே முதலில் செய்தார்கள். அந்த வயதுக்குத் தமிழின் வினையெச்சம் ஒரு வரம். சுட்டு, தூக்கிட்டுப் போய், உக்காந்து என்று எச்சங்களை அடுக்கினாலே வரிசை தானாக வந்துவிடும். கதையை அப்படியே சொல்லுங்கள். "முன்னாடி", "பின்னாடி" எல்லாம் பிறகு வரட்டும்.

கதையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பேரை மறந்த ஈ கன்றிடமும் பசுவிடமும் இடையனிடமும் கேட்டுக்கொண்டே போகும் கதையைப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அது நாவுக்கு நல்ல பயிற்சி. ஆனால் நடுவில் கொக்கையும் குளத்தையும் மாற்றிப் போட்டால் ஈக்கு ஒன்றும் ஆகாது. குதிரை கனைத்ததும் பேர் கிடைத்துவிடும். காக்காக் கதையில் அப்படி மாற்ற முடியாது. வாயில் வடை இல்லாத காக்காவிடம் நரிக்கு என்ன வேலை? வரிசையைப் பிடித்து நிறுத்துவது இந்தக் காரணம். நாமோ "அப்புறம்? அப்புறம்?" என்று மட்டும் கேட்டுப் பழகியிருக்கிறோம். "எதனால?" என்று கேட்பதே இல்லை.

குறையா என்று கேட்டீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. அடுப்படியில் நிற்கவைத்துத் தோசை எப்படிச் சுடுவது என்று கேளுங்கள். கல் காயணும், மாவு ஊத்தணும், திருப்பணும் என்று சொல்கிறாளா? பள்ளிக்குக் கிளம்புவதை ஒழுங்காகச் சொல்கிறாளா? சொன்னால் கவலை வேண்டாம். தினமும் செய்வதிலேயே தொடர்ந்து குழம்பினால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்றிரவு அவள் நரியிலேயே தொடங்கட்டும், திருத்தாதீர்கள். "காக்காவை ஏன் பாடச் சொல்லுச்சு?" என்று கேளுங்கள். வடை என்பாள். "காக்காவுக்கு ஏது வடை?" என்று கேளுங்கள்.