நாஸ் எழும் முன்னே கணினி எழுந்தால்: லினக்ஸ் கேள்வி-பதில்

மாலை இடிமழையில் கரண்ட் போய் வந்தால், அலுவலகக் கணினிகளில் நாஸ் (நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புக் கருவி) ஃபோல்டர் காலியாகக் கிடக்கிறது. மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. ஏன்? (செந்தூல்)

கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழுகின்றன. கணினி சீக்கிரமே தயாராகிவிடும். நாஸ் டிஸ்க்குகளைச் சரிபார்த்து, ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் சேவையைத் தொடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கணினி அந்த ஃபோல்டரை மவுண்ட் செய்யப் பார்த்து (தன் ஃபோல்டர் ஒன்றில் இணைக்கப் பார்த்து), பதில் வராமல் கைவிட்டுவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் பூட் ஆவதுதான் தாமதமாகும். யாராவது ஃபோல்டரைத் திறக்கும்போது மவுண்ட் ஆகும்படி விடுவதே சரி.

எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் உள்ள எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், நாஸுக்கான வரியின் நான்காவது இடத்தில் 'நோஆட்டோ', 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்', 'எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=30' மூன்றையும் சேருங்கள். நடுவில் காற்புள்ளி மட்டும். ஓர் இடைவெளி விழுந்தாலும் மீதி அடுத்த இடத்துக்குப் போய்விடும். 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' (findmnt --verify) கொடுத்து வரியைச் சோதித்த பின், 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அடுத்து 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ரிமோட்-எஃப்எஸ்.டார்கெட்'. 'மவுண்ட் -ஏ' இங்கே உதவாது. நோஆட்டோ உள்ள வரிகளை அது தொடாது.

பேக்கப் முடிந்ததாகத் தகவல் வருகிறது. நாஸில் கோப்பு இல்லை, கணினியின் டிஸ்க்கோ நிரம்பி வழிகிறது. (பிரிக்பீல்ட்ஸ்)

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. மவுண்ட் ஆகாத நாளில் அந்த ஃபோல்டர் கணினியின் சொந்த டிஸ்க்கில் உள்ள வெறும் ஃபோல்டர்தான். பேக்கப் அதில் எழுதிவிட்டது. பிறகு நாஸ் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துவிட்டன. அழியவில்லை.

பேக்கப்பையும், ஆட்டோமவுண்ட் போட்டிருந்தால் அதையும் நிறுத்திவிட்டு 'யூமவுண்ட்' செய்து பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும். வேறிடத்துக்கு நகர்த்துங்கள். ஃபோல்டர் காலியானதும், மவுண்ட் செய்வதற்கு முன்பே, ரூட்டாக (முழு உரிமை உள்ள நிர்வாகியாக) 'சேட்டர் +ஐ' (chattr +i) கொடுத்து அதைப் பூட்டிவிடுங்கள். அதன் மேல் மவுண்ட் செய்யத் தடையில்லை; மவுண்ட் இல்லாதபோது மட்டும் ரூட்டால்கூட எழுத முடியாது, பேக்கப் உடனே பிழை காட்டி நிற்கும். பேக்கப் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) சேவையாக ஓடினால், அந்தச் சேவைக் கோப்பின் யூனிட் பகுதியில் 'ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=' என்று ஃபோல்டரின் பாதையையும் எழுதுங்கள்.

லேப்டாப்பில் மட்டும் பூட் ஆகும்போது மவுண்ட் ஆவதில்லை. வைஃபை நன்றாகவே இருக்கிறது. (பத்துமலை)

வைஃபை கடவுச்சொல் உங்கள் பயனர் கணக்கின் கீரிங்கில் (கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் இடத்தில்) இருந்தால், லாகின் செய்த பிறகுதான் நெட்வொர்க்கே வரும். இணைப்பு அமைப்பில் எல்லாப் பயனர்களுக்கும் அனுமதி என்ற பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

நாஸ் விழுந்தால் கணினி உறைந்துவிடுகிறது. எஃப்எஸ்டேப் வரியில் 'சாஃப்ட்' போடலாமா? (செந்தூல்)

எழுதும் ஃபோல்டருக்குப் போடவே போடாதீர்கள். நேரம் கடந்ததும் சாஃப்ட் பிழையைத் திருப்பிவிடும். அதைக் கவனிக்காத மென்பொருள் பாதி எழுதிய கோப்பை முழுசு என்று நம்பும். இயல்பாக உள்ள 'ஹார்ட்' நாஸ் திரும்பும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். படிக்க மட்டுமே உள்ள ஃபோல்டர் என்றால் சாஃப்ட் போடலாம். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் 'டைமியோ' பத்தில் ஒரு விநாடிக் கணக்கு: 600 என்றால் 60 விநாடி. விநாடி என்று நினைத்து 5 போட்டால் அது அரை விநாடிதான்.