பதிவேட்டு அக்கா பதில்கள்: டிக்கெட்டில் போட்ட கேள்விக்குறி

(ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பகுதியில் நோய்க் குறியீடு போடும் வேலை செய்து ஓய்வுபெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகனுக்கு 19 வயது. கூட்டாளிமாரோடு போன இடத்தில் எல்எஸ்டி ஊறிய முத்திரை அளவு கடதாசித் துண்டு ஒன்றை நாக்கில் வைத்திருக்கிறான். சுவர் மூச்சு விடுகிறது, நிலம் உருகுகிறது என்று கத்தியவனை இரவோடு இரவாக வாட்டில் சேர்த்தோம். அடுத்த நாள் மத்தியானம் தெளிந்துவிட்டான். மறுநாள் காலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டயக்னோசிஸ் கார்ட்டில் எஃப் 16.5 என்று இருக்கிறது. போனில் தேடினால் மனநோய் என்று வருகிறது. பிள்ளை வாழ்நாள் முழுக்க இதைச் சுமக்க வேண்டுமா?
பெயர் வேண்டாம், கொடிகாமம்

பதில்: தங்கச்சி, முதலில் பயத்தை இறக்கி வையுங்கோ. எஃப் 16 என்ற நோய்க் குறியீடு எந்தப் பொருளால் வந்தது என்பதைச் சொல்கிறது: இல்லாததைக் காட்டும் போதைப்பொருள்கள், எல்எஸ்டி உட்பட. என்ன நடந்தது என்பதைப் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கம் சொல்லும். 0 என்றால் அந்த நேரத்துப் போதை மயக்கம். 1 என்றால் உடம்புக்கோ மனதுக்கோ கேடு செய்த பாவனை. 2 அடிமையாதல். 5 உளப்பிறழ்வு, அதாவது எது நிசம் எது மாயை என்று மனம் பிரித்தறிய முடியாத நிலை. உங்கள் மகனுக்குப் போட்டிருப்பது இந்தக் கடைசி.

எல்எஸ்டியின் ஆட்டம் பொதுவாக அரை நாளுக்குள் அடங்கிவிடும். 5 போடுவதென்றால் அதற்கு மேல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலுடைய பத்தாம் திருத்தத்துக்கான ஆராய்ச்சி அளவுகோலில், பொருளை எடுத்து 2 கிழமைக்குள் குழப்பம் தொடங்கி, 48 மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு பகலுக்குள் தெளிந்த பிள்ளைக்கு 16.0 தான் பொருந்தும் போல எனக்குத் தெரிகிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவனைப் பார்த்த வைத்தியர்.

அப்படியென்றால் 5 எங்கிருந்து வந்தது? இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இரவு வாட்டில் ஏற்றும் டொக்டர், டிக்கெட்டில், அதாவது நோயாளியின் வாட்டுக் குறிப்பேட்டில், "போதைப்பொருளால் உளப்பிறழ்வு" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். அந்த நேரத்துக்கு அது சரியான எழுத்துத்தான். சந்தேகம் இருக்கிறது, பார்ப்போம் என்று பொருள். விடிந்து பிள்ளை தெளிந்த பிறகு யாராவது அந்த வரிக்குத் திரும்பி வந்து "போதை மயக்கம் மட்டும், தெளிந்துவிட்டது" என்று எழுத வேண்டும். வாட்டில் சனம் நெருக்கும் நாளில் அது விடுபட்டுப் போகும். அப்புறம் டிக்கெட் பதிவேட்டு அறைக்கு வரும். சந்தேகம் என்று எழுதிய நோய்க்குக் கடைசிவரை வேறு விளக்கம் இல்லையென்றால், அதை உறுதியான நோயாகவே குறியீடு செய் என்பதுதான் பத்தாம் திருத்தத்தின் விதி. கேள்விக்குறிக்குக் கணினியில் இடம் கிடையாது. அதனால்தான் பயிற்சி டொக்டர்மாரிடம் எப்போதும் கெஞ்சிக் கேட்பேன், துண்டு வெட்டும் முன் அந்த ஒரு வரியைத் தீர்த்துவிடுங்கள் என்று.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கார்ட்டையும் மகனையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம் சண்டை பிடிக்க வேண்டாம், அவரால் மாற்ற முடியாது. வைத்தியரிடம் என்ன எடுத்தான், எத்தனை மணிக்கு எடுத்தான், எத்தனை மணிக்குத் தெளிந்தான், அதோடு கஞ்சாவோ சாராயமோ இருந்ததா என்று ஒளிக்காமல் சொல்லி, இந்த 5 சரிதானா என்று கேளுங்கள். பிழை என்று அவருக்குப் பட்டால் பழைய எழுத்தை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, திகதியும் கையெழுத்தும் வைப்பார். வெள்ளை மை பூசி அழித்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அடியில் இருப்பதை வாசிக்க முடிந்தால்தான் திருத்தத்துக்கு மதிப்பு.

ஒருவேளை 5 சரி என்று அவர் சொன்னாலும், அது வாழ்நாள் தீர்ப்பு அல்ல. பொருளால் வந்த உளப்பிறழ்வு ஆறு மாதத்துக்குள் முழுதாக ஆற வேண்டியது. மனச்சிதைவு நோய்க்கு எஃப் 20 என்று தனிக் குறியீடு இருக்கிறது. போதையில் இருக்கும்போது அதைப் போடவே கூடாது. படிப்பு, வெளிநாட்டு அலுவல் பற்றி யாராவது பின்னால் கேட்டாலும், சரியாக எழுதிய ஒரு கார்ட் கையில் இருப்பதுதான் அவனுக்கு நல்லது. கிழமைகள் கழித்துத் திரும்பவும் சுவர் அசைவது போலத் தெரிந்தால் மறைக்க வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லி வையுங்கள். அதற்கும் 16.7 என்று இடம் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது. இரவில் மனம் பதறினால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம்.

கேள்வி: நான் ஒன்லைனில் மெடிக்கல் கோடிங் படிக்கிறேன். "நோயாளிக்கு மாயக்காட்சி" என்று டொக்டர் எழுதியிருந்தால் எஃப் 16 போடலாமா?
மாணவி, திருநெல்வேலி

பதில்: போடவே கூடாது, பிள்ளை. குறியீடு பொருளைப் பார்த்து வருவது. ஐஸ் (மெத்தாம்பெட்டமின்) அடித்தவருக்கும் குரல் கேட்கும், அது எஃப் 15. கஞ்சாவென்றால் எஃப் 12. சாராயம் எஃப் 10. காய்ச்சல் முற்றிப் பிதற்றும் முதியவருக்குப் போதையே கிடையாது, அவர் எஃப் 05. ஏதோ எடுத்திருக்கிறார், என்னவென்று தெரியாது என்றால் எஃப் 19. வெறும் அறிகுறியை மட்டும் எழுதியிருந்தால் ஆர் 44 இல் நிறுத்திவிடு. ஊகிப்பது உன் வேலை அல்ல. டொக்டரிடம் திருப்பிக் கேள். சலவைக்காரர் துணிக் குறியை வைத்து வீடு பார்ப்பது போல, டிக்கெட்டில் உள்ள சொல்லை வைத்துத்தான் நீ இடம் பார்க்க வேண்டும்.

நீ படிப்பது அமெரிக்க முறை என்று நினைக்கிறேன். அங்கே கேடான பாவனைக்கு 16.1, அடிமையாதலுக்கு 16.2, வெறும் பாவனைக்கு 16.9 என்று பிரியும். ஒரே பொருளுக்கு மூன்றும் எழுதியிருந்தால் அடிமையாதலை மட்டும் எடு. வெறும் பாவனையை, அதனால் வந்த கோளாறு ஒன்றோடு வைத்தியர் இணைத்து எழுதியிருந்தால்தான் தொடலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குழந்தை ஊமத்தம் விதையைத் தின்றுவிட்டு, காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து விளையாடியது. போதைக் கேஸ் என்று பதிவார்கள் என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போக நெடுநேரம் தயங்கினார்கள். அப்படிப் பதிவார்களா?
ஒரு வாசகர், சங்கானை

பதில்: பதியமாட்டார்கள். தெரியாமல் தின்ற ஊமத்தைக்கு ரி 62.2, அதாவது நச்சுத் தாவரம். விபத்து என்பதைக் காட்ட எக்ஸ் 49. இந்தப் பயத்தால் ஒரு குழந்தை வீட்டில் கிடந்தது என்று வாசிக்க எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஊமத்தையில் இருக்கும் அத்ரோப்பின், ஸ்கோபலமின் நாக்கை வறளவைக்கும், கண்மணியை விரியவைக்கும், உடம்பைக் கொதிக்கவைக்கும், இதயத்தைத் தாறுமாறாக ஓடவைக்கும். உயிருக்கே ஆபத்து. உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மிஞ்சிய காயையோ விதையையோ ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும் சொல்லுங்கள்.