நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்பிளாஸ்டின் புற்றுநோய்ச் செல்லை எப்படித் தடுக்கிறது?

வின்பிளாஸ்டின் என்பது நித்தியகல்யாணி இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும், செல் பிளவைத் தடுக்கும் மருந்து. ஜமைக்காவில் நீரிழிவுக்காகக் குடிக்கப்பட்ட இந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தபோது, எலிகளுக்குச் சர்க்கரை குறையாமல் வெள்ளை அணுக்களே குறைந்தன. எதிர்பாராத அந்த முடிவை அவர்கள் புறந்தள்ளாததால்தான் 1958-இல் இம்மருந்து கிடைத்தது.

செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகள் டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை. வின்பிளாஸ்டின் டியூபுலினைப் பற்றிக்கொள்வதால், நார்களைச் சேரவிடாமல் பிடித்துக்கொண்டால் கயிறு திரிக்க முடியாதது போல, இழைகள் உருவாகாமல் பிளவு பாதியில் நின்று செல் மடிகிறது. புற்றுநோய்ச் செல்களைப் போலவே வேகமாகப் பெருகி, வெள்ளை அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைச் செல்களும் இதனாலேயே பாதிக்கப்படுகின்றன.

இலையைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று பலர் நம்புவது ஆபத்தானது. இலையில் இம்மருந்து மிகமிகக் குறைவு, நச்சுப் பொருள்களோ கூடவே இருக்கின்றன. மருத்துவர்கள் தூய மருந்தை அளந்து சிரை வழியாக மட்டுமே செலுத்துகிறார்கள்.