ஷெல்லா, பைத்தானா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், ஸ்டுடியோ வைத்திருப்பவர்): கல்யாண ஆல்பத்தில் 2,400 படங்கள். எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற பேஷ் போதுமா, பைத்தான் கற்க வேண்டுமா?

பதில்: பேஷ் தாராளமாகப் போதும். ஷெல் என்பது கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் நிரல், பேஷ் அதில் ஒரு வகை. பைத்தான் ஒரு நிரல்மொழி. நாலு வரி ஃபார் லூப்தான், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்வது. ஃபைலை நகர்த்த, பெயர் மாற்ற, ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்குக் கொடுக்க ஷெல்லைவிட வசதியானது இல்லை. ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: வேரியபிளை (ஃபைல் பெயர் போன்ற மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயர்) எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். 'மேடை மாலை.ஜேபிஜி' என்ற பெயரை, மேற்கோள் இல்லையென்றால் பேஷ் இடைவெளியில் உடைத்து இரண்டு ஃபைலாக எடுத்துக்கொள்ளும். ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் இப்படி விட்டீர்கள் என்றால், பக்கத்தில் இருக்கும் 'மாலை.ஜேபிஜி' அழிந்துபோகும். ஆர்எம் எதையும் குப்பைத்தொட்டிக்கு அனுப்பாது. என் அக்கா மகளின் காதுகுத்துப் படங்கள் சில அப்படித்தான் போயின, இன்றுவரை வருத்தம். கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளையைப் போட்டுப் பார்த்தாலும் இந்தத் தப்பு தெரியாது, மேற்கோள் போட்டதும் போடாததும் திரையில் ஒரே மாதிரிதான் வரும். ஃபோல்டரைப் பிரதி எடுத்து, பிரதியில் ஓட்டிப் பாருங்கள். ஷெல்செக் கருவியிலும் ஸ்கிரிப்டைக் கொடுங்கள், விட்டுப்போன மேற்கோளைச் சொல்லிவிடும்.

கேள்வி (லாஸ்பேட்டை மாணவி): எதை முதலில் கற்பது சார்?

பதில்: ஷெல். ஒரு மாதம் புழங்கிவிட்டு பைத்தானுக்குப் போம்மா.

கேள்வி (முத்தியால்பேட்டை): ஆபீஸில் விண்டோஸ்தான். பவர்ஷெல் உருப்படியா?

பதில்: உருப்படிதான். அது விண்டோஸோடு வரும் ஷெல். பேஷில் பைப் வழியாக, அதாவது ஒரு கட்டளையிலிருந்து அடுத்ததற்கு, போவது வெறும் எழுத்து. பவர்ஷெல்லில் போவது ஆப்ஜெக்ட், பெயர், அளவு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்த தகவல். ஃபைலின் அளவு வேண்டுமென்றால் வரியை வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம், பெயர் சொல்லிக் கேட்டாலே கிடைக்கும்.

கேள்வி (கடலூர் முதுநகர்): வாடிக்கையாளர் பட்டியல் சிஎஸ்வியில் (கட்டங்களைக் கமாவால் பிரித்த ஃபைல்) இருக்கிறது. வரிகளைத் துண்டாக்கித் தரும் ஆக் கட்டளையில் ஒரே வரியில் போன் நம்பரை எடுக்கிறேன். இதற்குப் பைத்தான் எதற்கு?

பதில்: முகவரியில் "14, பீச் ரோடு" என்று இருந்தால்? மேற்கோளுக்குள் இருக்கும் கமாவிலும் ஆக் வெட்டும். அந்த ஒரு ஆளுக்கு மட்டும் போன் நம்பர் இருக்கும் இடத்தில் ஊர்ப் பெயர் வரும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து.

மீண்டும் அவரே: ஆக்கின் ஒரு வகையான கேஆக் 5.3-இல் சிஎஸ்வி வசதியே வந்துவிட்டதே!

பதில்: சரிதான், 2023-இல் வந்தது, நல்ல வசதி. ஆனால் உபுண்டு லினக்ஸில் வழக்கமாக ஆக் என்ற பெயரில் ஓடுவது எம்ஆக் என்ற வேறு வகை. உங்கள் கணினியில் ஓடிய வரி கடைப் பையனின் கணினியில் ஓடாது. சிஎஸ்வியைப் படிக்கும் மாட்யூல் (துணை நிரல்) பைத்தானோடு கூடவே வருகிறது. ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரி முகவரி இருந்தாலும் சரியாகப் படிக்கும். கணினி தானே வரிவரியாக எழுதும் லாக் (பதிவு) ஃபைலா, நானும் ஆக்தான் எடுப்பேன். அடுத்தவர் எக்செலில் தட்டிய பட்டியலுக்கு மாட்டேன்.

கேள்வி (பண்ருட்டி): 'கடலூர்' நாலு எழுத்து. எண்ணச் சொன்னால் பைத்தான் 6 என்கிறதே?

பதில்: எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஊகாரக் குறியும் புள்ளியும் தனித்தனி. பைத்தான் எண்ணுவது அவற்றையும் சேர்த்து. ஃபைலில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டில் எண்ணினால் 18 வரும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): எதை முதலில் கற்கலாம்?

பதில்: லாஸ்பேட்டைக்குச் சொன்னதேதான். மேலே படியுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): மேக்கில் மேற்கோள் போடாமலே எனக்குச் சரியாக ஓடுகிறதே?

பதில்: 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பிலிருந்து மேக்கில் வழக்கமான ஷெல் இசட்ஷெல். அது வேரியபிளை இடைவெளியில் உடைக்காது. அதே வரிகளை லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோய் பேஷில் ஓட்டினால் உடையும். மேற்கோள் போடுங்கள்.