லைசின் பூசிய ஸ்லைடிலும் திசு கழன்று வருகிறது என்றால்

சேலத்தில் உங்க லேப்பில் பாலி-எல்-லைசின் (திசு ஒட்டிக்கொள்ளப் பூசும் பொருள்) ஸ்லைடு போட்டும், ஐஹெச்சி-யில் (ஆன்டிபாடி வைத்துத் திசுவில் புரதத்தைக் கண்டறியும் சோதனை) சிட்ரேட் பஃபர் கரைசலில் சூடாக்கியதும் மார்பகத் திசு பிய்ந்து மிதக்கிறது என்று கேட்டிருந்தீங்க. ஸ்லைடைக் குறை சொல்வதற்கு முன், சீவிய திசுவை மிதக்கவிடும் வெந்நீர்த் தொட்டியை, அதாவது வாட்டர் பாத்தைப் பாருங்க. அதில் ஜெலட்டின் கலக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்க. லைசினின் பிடிப்பே அதன் நேர்மின்னூட்டம்தான். ஜெலட்டின் அதன்மேல் படிந்தால் திசுவுக்குப் பிடிமானம் கிடைக்காது. நம்ம ஊர் போர் தண்ணீரும் வேண்டாம், உப்பு அதிகம். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றணும்.

செக்‌ஷன் (மெல்லியதாகச் சீவிய திசு) 3 முதல் 4 மைக்ரான் தடிமன். வாட்டர் பாத்திலிருந்து அதை ஸ்லைடில் எடுத்ததும் ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்தி நீரை முழுக்க வடிய விடுங்க. திசுவுக்கு அடியில் ஒரு துளி நின்றாலும் போதும், சூட்டில் அந்த இடம் கொப்புளமாக எழும்பி அங்கிருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். வடிந்தபின் 60 டிகிரி ஓவனில் 1 மணி நேரம். ஏற்காட்டு மூட்டத்தில் என்றால் வெறும் காற்றில் உலர்த்துவதை நம்பவே கூடாது.

பஃபர் தளதளவென்று கொதிக்க வேண்டாம், 95–98 டிகிரி போதும். பிறகு அதே பஃபரில் 20 நிமிடம் ஆறட்டும்.

ஸ்லைடை நீங்களே பூசுவதானால் 0.1 சதவீத லைசின் கரைசலில் 1 பங்குக்கு நீர் 9 பங்கு, பிளாஸ்டிக் ஜாடியில் 5 நிமிடம். கண்ணாடி ஜாடி என்றால் அதன் சுவரிலேயே லைசின் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு கொழுப்புத் திசு மட்டும் கழன்றால், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் ஊறிய நேரம் போதவில்லை என்று சந்தேகப்படுங்க.